பக்கத்து நம்பர்ல போனவன் எல்லாம் ஆல்-ஸ்டார்: சாக்ரமென்டோ கிங்ஸ் டிராஃப்ட் பத்தி ஒரு குமுறல்

2018 ஜூன் 21. அமெரிக்காவோட என்.பி.ஏ. பாஸ்கெட்பால் லீக்ல டிராஃப்ட், அதாவது டீமெல்லாம் வரிசையா புது ஆட்டக்காரர்களை எடுக்கிற ராத்திரி. ரெண்டாவது பிக், அதாவது ரெண்டாவதா ஆள் எடுக்கிற வாய்ப்பு, கையில இருக்கு. லூகா டான்சிச்சை இன்னும் யாரும் எடுக்கல. அவரை விட்டுட்டு மார்வின் பேக்லியை எடுத்தாங்க சாக்ரமென்டோ கிங்ஸ். இத்தனை வருஷம் ஆகியும் வயிறு எரியுது. ஏதோ ஒரு ராத்திரி கை தவறி நடந்த தப்பா இருந்தா எப்பவோ மறந்திருக்கலாம். அதே தப்பை அதுக்கு முன்னாடியும் பண்ணாங்க, பின்னாடியும் பண்ணாங்க.

டான்சிச் இப்படி வருவார்னு அன்னிக்கு யாருக்குத் தெரியும்னு ஒரு சமாதானம் சொல்லுவாங்க. நம்பாதீங்க. அப்போ அவருக்கு 19 வயசு. அந்த மே மாசம்தான் ரியல் மாட்ரிட் டீம்ல ஆடி, ஐரோப்பிய கிளப்புகளோட பெரிய போட்டியான யூரோலீக் கோப்பையை ஜெயிச்சிருந்தார். அந்த சீசன் எம்.வி.பி. (சிறந்த ஆட்டக்காரர்) அவர்தான், ஃபைனல் ஃபோர் எம்.வி.பி.யும் அவர்தான். பேக்லி டியூக் காலேஜ்ல பதினெட்டு, இருபது வயசுப் பசங்களுக்கு எதிரா ஆடிட்டு இருந்தப்ப, இவர் சம்பளம் வாங்கி ஆடுற பெரிய ஆளுங்களோட முட்டி மோதி ஜெயிச்சிட்டு இருந்தார். முந்தின செப்டம்பர்ல ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோபாஸ்கெட் ஃபைனல்ல ஸ்லோவேனியா 93-85னு செர்பியாவைத் தோக்கடிச்சுது. ஜெயிச்ச பக்கம் டான்சிச், தோத்த பக்கம் போக்டன் போக்டனோவிச். டிராஃப்ட் நடந்த அன்னிக்கு அந்த போக்டனோவிச் கிங்ஸ் ஆட்டக்காரர்! டீமை நடத்திட்டு இருந்த விளாடே டிவாச்சும் செர்பியாக்காரர்தான். டான்சிச்சை இவங்களைவிட நல்லா எடைபோடக்கூடிய ஆபீஸ் அமெரிக்காவுல வேற எது?

அன்னிக்குப் பேசப்பட்ட கணக்கு இதுதான்: டிஆரன் ஃபாக்ஸ் இருக்கார், பந்தை வச்சு ஆட இன்னொருத்தர் எதுக்கு, நமக்கு ஒரு பெரிய ஆள் வேணும். முந்தின சீசன் 27 ஜெயிச்சு 55 தோத்த டீம் அது. ஃபாக்ஸ் ஆடி முடிச்சது ஒரே ஒரு வருஷம். அந்த நிலைமையில இருக்கிற டீமுக்கு எந்த இடம் நிரம்பிடுச்சாம்? எல்லா இடமும் காலிதானே! பேக்லிக்குக் கால்ல ஸ்பிரிங் இருந்துச்சு, கூடையில விழாம திரும்பி வர்ற பந்தை (ரீபவுண்டு) ரெண்டாவது தாவுல எடுப்பார், இடது கையால முடிப்பார். ஆனா வலது பக்கம் போக மாட்டார், வெளியில இருந்து நம்பி எறிய முடியாது, கூடைக்கு முன்னாடி நின்னு எதிராளியைத் தடுக்கிறதும் கிடையாது. இந்தக் காலத்துப் பெரிய ஆள்கிட்ட கேக்கிறதே இந்த வெளி ஷாட்டும் தடுப்பும்தான். ரெண்டாவது சீசன் முதல் மேட்ச்லயே வலது கட்டைவிரல் உடைஞ்சுது, அந்த வருஷம் மொத்தமே 13 மேட்ச். 2022 பிப்ரவரியில டெட்ராய்ட்டுக்கு அனுப்பிட்டாங்க. காயத்துக்கு யாரும் பொறுப்பில்லை. ஆளைத் தேர்ந்தெடுத்ததுக்கு நிச்சயம் பொறுப்பு இருக்கு.

இதுல ‘துரதிர்ஷ்டம்’ங்கிற பேச்சுக்கு இடமே இல்லை. டிராஃப்ட்ல யாருக்கு முன்னாடி பிக்னு முடிவு பண்ற லாட்டரி எப்படி நடக்குதுன்னு பாருங்க. 14 பந்து, அதுல நாலு உருவுவாங்க, 1001 கூட்டணி வரும். ஒண்ணைத் தள்ளிட்டு மீதி ஆயிரத்தை பிளேஆஃப் (சீசன் முடிவுல நடக்கிற நாக்-அவுட் சுற்று) போகாத 14 டீமுக்கும் பிரிச்சுக் கொடுப்பாங்க. 2018ல கிங்ஸ் ஏழாவது இடத்துக்கான வாய்ப்போட போய் ரெண்டாவது பிக்கோட திரும்பினாங்க. அதிர்ஷ்டம் வீடு தேடி வந்து கதவைத் தட்டின வருஷம் அது. அதிர்ஷ்டம் கைவிட்டது 2009லதான்: 17-65னு லீக்லயே கடைசி, ஆனாலும் பந்து உருண்டு நாலாவது பிக்கா இறங்கிடுச்சு. அதுக்கு நான் யாரையும் குத்தம் சொல்ல மாட்டேன். எடுத்த டைரீக் எவன்ஸும் அந்த வருஷ ‘ரூக்கி ஆஃப் தி இயர்’, அதாவது சிறந்த புதுமுகம். ஏழாவதா போன ஸ்டெஃப் கரி பின்னாடி என்ன ஆனார்ங்கிறது வேற கதை.

ஆனா 2011க்கு என்ன சமாதானம்? கிங்ஸ்கிட்ட ஏழாவது பிக் இருந்துச்சு. மூணு டீம் சேர்ந்து பண்ணின டிரேடுல அதைக் கொடுத்துட்டுப் பத்தாவதுக்கு இறங்கினாங்க. சாதாரணமா ஒரு டீம் கீழ இறங்கினா கூலியா இன்னொரு பிக்கோ ஒரு நல்ல ஆட்டக்காரரோ கிடைக்கும். இவங்க இறங்கினதுக்கு வாங்கினது 31 வயசு ஜான் சால்மன்ஸும் அவரோட நீண்ட கான்ட்ராக்டும். முன்னாடி இவங்களே வேண்டாம்னு அனுப்பின ஆள் அவர்! அந்தப் பத்துல ஜிம்மர் ஃபிரெடெட்டை எடுத்தாங்க. பதினொண்ணாவது க்ளே தாம்சன். பதினஞ்சாவது கவாய் லெனார்ட். ஃபிரெடெட் காலேஜ்ல கூடைகளாக் குவிச்சவர், டிக்கெட் விக்கும், ஆனா என்.பி.ஏ.ல எதிர் டீம் கார்டு (guard, வெளியில இருந்து பந்தை நடத்துற ஆட்டக்காரர்) ஒருத்தரைக்கூட அவரால தடுக்க முடியல. 2014ல கான்ட்ராக்டை முடிச்சு வெளியில விட்டாங்க.

அதே 2011 டிராஃப்ட் ராத்திரி கடைசி பிக், அறுபதாவது. ஐசயா தாமஸ். அஞ்சே முக்கால் அடி உயரம், யாரும் சீண்டல. 2013-14ல மேட்சுக்கு 20.3 புள்ளி போட்டார். கிங்ஸ் என்ன பண்ணாங்க? அந்தக் கோடையிலேயே ஃபீனிக்ஸுக்கு அனுப்பிட்டு டேரன் காலிசனைக் கூட்டிட்டு வந்தாங்க. பாஸ்டன்ல 2016-17ல தாமஸ் மேட்சுக்கு 28.9. அறுபதாவது பிக்ல முத்து எடுக்கத் தெரிஞ்சவங்களுக்கு அந்த முத்தைக் கையில வச்சுக்கத் தெரியல.

2012ல அஞ்சாவது பிக் தாமஸ் ராபின்சன். கார்டுகள் நிறைய இருக்காங்க, பெரிய ஆள் வேணும்ங்கிற அதே பாட்டு. ஆறாவது டேமியன் லில்லார்டு, அந்த வருஷ ‘ரூக்கி ஆஃப் தி இயர்’. ராபின்சனை முதல் சீசன் முடியுறதுக்குள்ளயே ஹூஸ்டனுக்கு அனுப்பியாச்சு. அஞ்சாவது பிக்குக்கு முழுசா ஒரு சீசன்கூடப் பொறுமை இல்லை! 2013ல ஏழாவது பென் மக்லமோர், ஷூட்டிங் கார்டு. பதினஞ்சாவது யானிஸ் அன்டெடொகூன்போ. யானிஸை நிறைய டீம் தவறவிட்டாங்க, அதை விடுங்க. ஆனா 2014ல எட்டாவது பிக்ல மறுபடியும் ஒரு ஷூட்டிங் கார்டு, நிக் ஸ்டவுஸ்கஸ். தேவையைப் பார்த்து எடுக்கிறோம்ங்கிற வாதம் உண்மைன்னா, ஒரே இடத்துக்கு அடுத்தடுத்த வருஷம் ரெண்டு லாட்டரி பிக் ஏன்? 2016ல டீமோட நட்சத்திரம் டிமார்கஸ் கசின்ஸ், காலி-ஸ்டீன், கோஸ்டா கூஃபோஸ்னு மூணு சென்டர் (கூடைக்குப் பக்கத்துல ஆடுற பெரிய ஆள்) இருக்கும்போது பதிமூணாவது பிக்ல பாப்பயானிஸ்ங்கிற இன்னொரு சென்டர் எதுக்கு? கசின்ஸே அன்னிக்கு ராத்திரி, ஆண்டவா எனக்கு சக்தி கொடுங்கிற மாதிரி ட்விட்டர்ல போட்டார். பாப்பயானிஸ் ரெண்டாவது சீசன் பாதியில வெளியில.

எல்லாத்தையும்விட ஆத்திரம் வர்றது 2015 ஜூலை டிரேடை நினைச்சா. அதைக் கொஞ்சம் நின்னு பார்க்கணும். ராஜான் ராண்டோ மாதிரி வெளி ஆளுங்களுக்குச் சம்பளம் கொடுக்க, டீமோட சம்பள உச்சவரம்புல (கேப்) இடம் வேணும். அதுக்காக ஃபிலடெல்ஃபியாவுக்கு ஸ்டவுஸ்கஸ், கார்ல் லாண்ட்ரி, ஜேசன் தாம்சன் மூணு பேரையும் தள்ளினாங்க. அவங்களை வாங்கிக்கிறதுக்கு விலையா 2016, 2017 ரெண்டு வருஷமும் நம்ம பிக் அவங்களோடதைவிட மேல வந்தா மாத்திக்கிற உரிமை, அதுக்கு மேல 2019 முதல் ரவுண்டு பிக். அதுவும் பாதுகாப்பே இல்லாம! ‘முதல் பத்துக்குள்ள வந்தா எங்களுக்கே’ன்னு ஒரு வரி சேர்த்துக்கிறதுதான் எந்த டீமும் பண்றது. அதைக்கூடக் கேட்டு வாங்கல. பதிலுக்கு வந்தது என்.பி.ஏ.ல ஒரு மேட்ச்கூட ஆடாத ரெண்டு ஐரோப்பியப் பசங்களோட உரிமை. விதை நெல்லை எடுத்துப் பொங்கித் தின்னுட்டாங்க. அந்தச் சோறும் ஒரு வேளைக்குத்தான்: ராண்டோ ஒரே சீசன் ஆடிட்டுப் போனார், டீம் 33-49.

விளைவைப் பாருங்க. 2017 லாட்டரியில கிங்ஸ் பந்து மூணாவது இடத்துக்கு ஏறிச்சு. உரிமை ஃபிலடெல்ஃபியாகிட்ட, அதனால மூணு அவங்களுக்கு, அவங்க அஞ்சு நமக்கு. அந்த மூணாவது பிக் கை மாறிப் பாஸ்டன் போய் ஜேசன் டேட்டம் ஆச்சு. அஞ்சுல ஃபாக்ஸ் கிடைச்சது நம்ம பாக்கியம். 2019 பிக்கும் கடைசியில பாஸ்டனுக்கே போச்சு. பதினாலாவதா வந்ததால பெரிய இழப்பு இல்லைன்னு சிலர் சொல்றாங்க. 2015ல கையெழுத்துப் போடும்போது அது பதினாலா வரும்னு யாருக்குத் தெரியும்? ஒண்ணா வந்திருந்தா, அந்த வருஷம் முதல் பிக்கா போன சயான் வில்லியம்சனைக் கொடுத்திருப்பாங்க.

அதே 2017ல பத்தாவது பிக்கும் கையில இருந்துச்சு, கசின்ஸை வித்ததுல வந்தது. அதைப் போர்ட்லாண்டுக்குக் கொடுத்துப் பதினஞ்சையும் இருபதையும் வாங்கினாங்க. பதிமூணு டோனவன் மிட்செல், பதினாலு பாம் அடெபாயோ. சரியா அந்த இடைவெளியில! வாங்கின ரெண்டுல வந்தது ஜஸ்டின் ஜாக்சனும் ஹேரி ஜைல்ஸும். ஜைல்ஸுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகியிருந்ததால முதல் வருஷம் முழுக்க உக்கார வச்சாங்க. அது சரியான முடிவு. ஆனா 2019 அக்டோபர்ல நாலாவது வருஷ ஆப்ஷனை வேண்டாம்னு விட்டாங்க. முதல் ரவுண்டு ரூக்கி கான்ட்ராக்ட்ல ரெண்டு வருஷம் உறுதி, மூணும் நாலும் டீம் விருப்பம். நாலாவதை விட்டுட்டா, அந்த ஆப்ஷன் தொகைக்கு மேல ஒரு டாலர்கூட அந்த டீம் பிறகு கொடுக்க முடியாது, மத்த டீம் கொடுக்கலாம். அந்த சீசன் பின்பாதியில பையன் நல்லா ஆட ஆரம்பிச்சார். தங்களோட கையைத் தாங்களே கட்டிப் போட்டுக்கிட்டு, அவர் கிளம்பிப் போறதைப் பார்த்துட்டு நின்னாங்க.

இவங்க எடுத்த பசங்க எல்லாரும் திறமை இல்லாதவங்கன்னு நான் நம்பல. எவனும் இந்த டீம்ல வளர முடியாது, அதுதான் விஷயம். கசின்ஸ் இருந்த ஆறரை சீசன்ல ஆறு கோச். எதிராளிங்க ரெண்டு பேர் சேர்ந்து ஆடுற பிக்-அண்ட்-ரோலைத் தடுக்க ஒருத்தர் பின்வாங்கி நில்லுன்னு சொல்லிக் கொடுப்பார், அடுத்தவர் மேல ஏறி மடக்குன்னு சொல்லுவார், இருபது வயசுப் பையன் எதைப் பழகுறது? மைக் மலோனை 2014 டிசம்பர்ல 11-13ல இருக்கும்போது துரத்தினாங்க, கசின்ஸ் உடம்பு சரியில்லாம வெளியில உக்காந்திருந்த நேரம். மலோன் 2023ல டென்வருக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், 41வது பிக் நிகோலா யோகிச்சை வச்சு.

சரியா நடந்ததையும் சொல்லிடறேன். 2022ல நாலாவது பிக்ல ஜேடன் ஐவியை எடுன்னு ஊரே கத்துச்சு, இவங்க கீகன் மரேயை எடுத்தாங்க. 206 மூணு-புள்ளி ஷாட், ரூக்கிகள்ல அப்போ சாதனை. 2020ல பன்னெண்டாவது பிக் டைரீஸ் ஹாலிபர்ட்டன். ஃபாக்ஸ் இருக்காரேன்னு யோசிக்காம, இருக்கிறதுலயே நல்ல ஆளை எடுத்தாங்க. இதைத்தானே 2018ல பண்ணச் சொன்னோம்! ஆனா ஒன்றரை வருஷம்தான். 2022 பிப்ரவரியில ரெண்டு பேரும் ஒத்துப்போகலன்னு ஹாலிபர்ட்டனை இண்டியானா பேசர்ஸுக்கு அனுப்பி டொமான்டஸ் சபோனிஸை வாங்கினாங்க. சபோனிஸால 2023ல 48-34, 16 சீசன் பிளேஆஃப் போகாத வறட்சி முடிஞ்சுது, ஜெயிச்சா ஏத்துற ஊதா வெளிச்சம் அரங்கத்துக் கூரை மேல எரிஞ்சுது. அந்த சந்தோஷத்தை நான் மறுக்கல. ஆனா 2025 பிப்ரவரியில ஃபாக்ஸும் போயிட்டார். நாலு மாசம் கழிச்சு ஹாலிபர்ட்டன் பேசர்ஸை ஃபைனல் ஏழாவது மேட்ச் வரைக்கும் இழுத்துட்டுப் போனார். மும்பையில பிறந்த ஓனர் விவேக் ரணதிவே 2019ல கிங்ஸை மும்பைக்குக் கூட்டிட்டு வந்தப்ப எதிர்ல ஆடினதும் இதே பேசர்ஸ்தான். நம்ம ஊர்ப் பசங்க நிறைய பேர் கிங்ஸை முதல்முதல்ல கவனிச்சதே அப்பதான். அவங்களுக்கு இவங்க கொடுத்தது இதுதான்.

இன்னும் புத்தி வரல. கெவின் ஹுவர்ட்டருக்காக அட்லாண்டாவுக்குக் கொடுத்த முதல் ரவுண்டு பிக் 2025ல பதிமூணாவதா விழுந்துச்சு. அதுக்குள்ள ஹுவர்ட்டரும் சிகாகோ போயாச்சு. ஆளும் இல்லை, பிக்கும் இல்லை. அப்புறம் ஒரு பிக் தேடிப் பிடிச்சு 24ல நிக் கிளிஃபர்டை எடுத்தாங்க. அவருக்காவது நிமிஷம் கொடுங்க. தப்புப் பண்ணினா பெஞ்சுல உக்கார வைக்காதீங்க, வயசான ஆளுங்களை முன்னாடி நிறுத்தி இன்னும் நாலு மேட்ச் ஜெயிக்கப் பார்க்காதீங்க. பக்கத்துல ஸ்டாக்டன்லயே பசங்களைப் பழக்குற உங்க ஜி-லீக் (என்.பி.ஏ.வோட துணை லீக்) டீம் இருக்கு, பசங்களை அங்க ஆட விடுங்க. அடுத்த தடவை டாப் அஞ்சுல பிக் வந்தா, எந்த இடம் காலின்னு பார்க்கிற அந்தச் சார்ட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு உள்ள போங்க.