ஜெர்மனுக்கு ஆங்கிலம் வழியாகப் போவானேன்?

தமிழ் தெரிந்தவருக்கு ஜெர்மன் சொல்லித்தர நடுவில் ஆங்கிலம் எதற்கு? குன்னூரில் வார இறுதியில் நடக்கும் ஒரு ஜெர்மன் வகுப்பைக் கொஞ்ச காலமாகப் பார்த்துவிட்டு இதைக் கேட்கிறேன். முன்னறையில் குழந்தைகள் படிக்கிறார்கள், பின்னறையில் பெரியவர்கள். பேத்தியை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்கு பஸ் பிடித்துப் போய் மறுபடி வர அலுப்பாக இருந்ததால், பணம் கட்டிப் பின்னறையில் நானும் சேர்ந்துகொண்டேன். பள்ளியில் தமிழ் இலக்கணம் நடத்தி ஓய்வு பெற்றவன். குறை கண்டுபிடிப்பது பழகிப்போன தொழில்.

முன்னறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசையில் ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி, ஒரு கத்தி. கரண்டியில் நீலத்தாள் ஒட்டியிருக்கிறது, முள்கரண்டியில் சிவப்பு, கத்தியில் பச்சை. ஜெர்மனில் கரண்டி ஆண்பால், முள்கரண்டி பெண்பால், கத்தி இரண்டுமில்லை. ஏன் என்று எந்தக் குழந்தையும் கேட்பதில்லை, ஆசிரியையும் சொல்வதில்லை. ஒரு பையன் தப்பாகச் சொன்னால் அதையே சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த பொருளை எடுக்கிறார். திட்டும் இல்லை, விளக்கமும் இல்லை.

பின்னறைக்கு வந்தால் அதே ஆசிரியை வேறு ஆளாகிவிடுகிறார். பலகை முழுக்க ஆங்கில இலக்கணம். அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப்பேர் நர்சிங் முடித்த பெண்கள், பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவர்கள். கேத்தியிலிருந்து வரும் ஒரு பெண் இடைவேளையில் கேட்டாள்: “ஐயா, இன்டைரக்ட் ஆப்ஜெக்ட் என்கிறார்களே, அது என்ன?”

“நான்காம் வேற்றுமை, அம்மா. கு உருபு.”

“அதைச் சொல்லியிருக்கலாமே!”

அதைத்தான் நானும் சொல்கிறேன். ஜெர்மனில் வேற்றுமை நான்கு. நம் கணக்கில் முதல், இரண்டாம், நான்காம், ஆறாம் வேற்றுமைகள். ‘உதவு’ என்னும் வினைக்கு நான்காம் வேற்றுமை வரும் என்று அங்கே மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். நாம் ‘உனக்கு உதவுகிறேன்’ என்றுதானே சொல்கிறோம்? ‘எனக்குப் பிடிக்கிறது’, ‘எனக்குச் சொந்தம்’, ‘உனக்கு நன்றி’ எல்லாம் அதே வேற்றுமைதான். ஊட்டிக் குளிரில் ஒரு ஜெர்மன்காரர் நடுங்கினால் ‘மிர் இஸ்ட் கால்ட்’ என்பார். எழுத்துக்கு எழுத்து இல்லாவிட்டாலும் உருபுக்கு உருபு ‘எனக்குக் குளிர்கிறது’. ஆங்கிலத்தில் குளிர்கிறவர் எழுவாயாகிவிடுகிறார். அந்தப் பழக்கத்தை முதலில் ஏற்றி, பிறகு இறக்குகிறார்கள்.

‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும் என்பதை ஏதோ விபத்துபோல எச்சரிக்கிறார்கள். வினையைக் கடைசியில் வைத்தே பிறந்து வளர்ந்தவர்கள் நாம். பெரியவரிடம் நீங்கள், சிறியவரிடம் நீ என்பதற்கும் ஒரு முழு வகுப்பு போனது. நம் வீட்டில் மூன்று வயதுக் குழந்தைக்கு அது தெரியும்.

எல்லாம் பொருந்தும் என்று சொல்லவில்லை. ‘அவனைப் பின்தொடர்’ என்று நாம் இரண்டாம் வேற்றுமை போடும் இடத்தில் ஜெர்மனில் நான்காம் வேற்றுமை. சூரியன் பெண்பால், நிலா ஆண்பால் என்பதற்கெல்லாம் நன்னூலில் விடையில்லை.

வகுப்பில் கூடலூர் மலையாளிகளும் படுகு பேசுகிறவர்களும் இருக்கிறார்களே என்றார் ஆசிரியை. அந்த மொழிகளிலும் நான்காம் வேற்றுமை பெரும்பாலும் இதே வேலையைத்தான் செய்கிறது, வினைச்சொல்லும் கடைசியில்தான். இல்லையென்றால் முன்னறை மாதிரி முழுக்க ஜெர்மனிலேயே நடத்துங்கள், அதற்கும் சம்மதம். பாதி ஆங்கிலம்தான் ஆகாது.

1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொன்னார். பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகினார். 1715-இல் அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. வளர்ந்த மனிதர் முன்னறையில் உட்கார வெட்கப்படவில்லை.

நர்சிங் முடித்த இந்தப் பெண்களுக்கு நேரமும் இல்லை. ஜெர்மனியில் நர்ஸ் வேலைக்கு முழு அங்கீகாரம் பெறப் பொதுவாக பி2 என்னும் மொழித்தேர்ச்சி நிலை கேட்கிறார்கள். ஜெர்மன் கற்பித்துத் தேர்வும் நடத்தும் கோத்தே நிறுவனத்தின் கணக்கில் அதற்கு 45 நிமிடப் பாடவேளைகள் 600 முதல் 800 வரை தேவை. சனி மூன்று மணி நேரம், ஞாயிறு மூன்று மணி நேரம் என்றால் வாரத்துக்கு எட்டுப் பாடவேளை. ஒரு விடுமுறைகூட இல்லாமல் குறைந்தது 75 வாரம். தேர்வில் வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் நான்கிலும் நூற்றுக்கு 60 வேண்டும். இதில் ஆங்கில இலக்கணத்துக்குப் போகும் நேரத்தை யார் திருப்பித் தருவார்கள்?

ஆசிரியை நல்லவர், கோபித்துக்கொள்ளவில்லை. ஞாயிறு வகுப்பு முடிந்ததும் அரைமணி நேரம் பலகையை எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வேற்றுமை அட்டவணை ஒன்றைத் தமிழிலும் ஜெர்மனிலும் எழுதி வைத்திருக்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஜெர்மன் படிக்கிறவர்கள் யாரும் வரலாம், கட்டணம் கிடையாது. நோட்டும் பென்சிலும் கொண்டுவாருங்கள்.