கட்டைவிரலும் ஒரு பக்கெட் வெந்நீரும்

வேலூர் காந்தி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் பதினோரு வருஷமாக லாட்ஜ் நடத்துகிறேன். போன மாசம் நடந்தது மனசை விட்டுப் போகவே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பங்களாதேஷிலிருந்து ஒரு பெரியவர் இங்கே சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்காக மகனோடு வந்து தங்கியிருந்தார். ரத்தப் பரிசோதனைக்கு விடியற்காலையிலேயே கிளம்பணும். மாடிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்து, "கொரம் பானி?" என்றார். வெந்நீர் இருக்கிறதா என்று வங்காளியில் கேட்கிறார். கீழே பாய்லர் பக்கத்தில் நின்ற எங்கள் ரூம் பாய், சிரித்த முகமாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். பெரியவர் முகம் சுண்டிப்போனது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றைக்குக் குளிக்காமலேயே கிளம்பிவிட்டார்.

சாயங்காலம் மகன்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். வங்காளியில் 'புரோ ஆங்குல் தேகானோ' என்று ஒரு வழக்கு உண்டாம். அப்படியே சொன்னால் கட்டைவிரலைக் காட்டுவது. 'உனக்கு ஒண்ணும் கிடையாது, போ' என்று அர்த்தம். ஏமாற்றிவிட்டுப் போனவனை நாம் 'பெப்பே காட்டிட்டான்' என்போமே, அந்த ரகம். 2009இல் முகநூலில் லைக் பொத்தான் வந்த பிறகு வளர்ந்த பிள்ளைகளுக்கு அந்த விரல் உறுத்துவதில்லை. எழுபது வயசுக்காரருக்கு உறுத்தியிருக்கிறது. ஈரானிலும் பழைய ஆட்களுக்கு இதே விரல் கெட்ட வார்த்தைக்குச் சமம்.

பையன் ஒடுகத்தூர்ப் பக்கம். "இருக்குன்னுதானேணா காட்னேன்" என்று சொல்லும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரிடமும் தப்பில்லை. ஆனால் உடம்பு முடியாத ஒரு மனுஷன் ஒரு நாள் முழுக்க, 'இந்த ஊரில் ஒரு சின்னப் பையன்கூட என்னை மதிக்கவில்லை' என்ற நினைப்போடு இருந்திருக்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதன் பிறகு விரல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். தேர்தல் நேரத்தில் நம்ம ஊரில் இரண்டு விரலைக் காட்டினால் இரட்டை இலை. உள்ளங்கை தெரிகிறதா புறங்கை தெரிகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் புறங்கையை வெளியே காட்டி அதே இரண்டு விரலை நீட்டினால் அசிங்கமான வசவு. 1992இல் அமெரிக்க ஜனாதிபதி மூத்த புஷ், கான்பெராவில் போராட்டம் நடத்திய விவசாயிகளைப் பார்த்துக் காரிலிருந்தபடி அப்படித்தான் காட்டிவிட்டார். அவ்வளவு பெரிய பதவியில் இருந்தவருக்கே தெரியவில்லை என்றால், பாய்லர் பக்கத்தில் நிற்கிற பையனுக்கு எப்படித் தெரியும்?

ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையைக் காட்டுவதை எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு அது சாமியின் அபயக் கரம், காங்கிரஸ் சின்னம், பஸ்ஸை நிறுத்தும் கை. கிரேக்கர்களுக்கு அதுவே பெரிய அவமானம். பைசாந்தியப் பேரரசு காலத்தில் தண்டனை பெற்றவனை ஊர்வலமாக இழுத்துப் போகும்போது முகத்தில் கரி பூசுவார்களாம், அந்தப் பழக்கத்திலிருந்து வந்தது என்கிறார்கள். படித்ததும் திக்கென்றது. 'முகத்தில் கரியைப் பூசிட்டான்' என்று நாமும் சொல்கிறோமே! அவமானம் ஒன்றுதான். அங்கே அது கையில் தங்கியிருக்கிறது, நமக்குப் பேச்சில்.

ஆனால் எல்லாவற்றையும் ஊர்ப் பழக்கத்தின் தலையில் கட்டிவிட முடியாது. எங்கள் தெருவில் ஒரு கடை. மேற்கு வங்கத்துக்காரர் ஒருவர் இடது கையால் நூறு ரூபாய் நீட்டினார். "காலங்காத்தால பீச்சாங்கையால நீட்டுற, இன்னாய்யா நீ?" என்று கடைக்காரர் கத்தினார். அந்த ஆளின் வலது புறங்கையில் மருந்து ஏற்றுகிற ஊசி குத்தி, பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. ஓரத்தில் ரத்தம் காய்ந்திருந்தது. கை வீங்கியிருந்தது. வங்காளத்திலும் இடது கையால் கொடுப்பது மரியாதைக் குறைவுதான். அதனால் தமிழ் தெரியாமலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நோட்டை வலது கைக்கு மாற்றினார். விரல் மடங்கவில்லை. நோட்டு கீழே விழுந்தது. நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.

'வந்தவங்கதான் நம்ம பழக்கத்தைக் கத்துக்கணும்' என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. சுற்றுலா வந்தவருக்கு அது பொருந்தலாம். காட்பாடியில் வந்து இறங்குகிறவர், ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்து, நிலத்தை அடமானம் வைத்துவிட்டு, டாக்டர் என்ன சொல்வாரோ என்ற பயத்தோடு வருகிறார். 1900இல் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கி, இன்றைக்கு சி.எம்.சி.யாக நிற்கிற வைத்தியத்தை நம்பி வருகிறார். அவர் கொடுக்கும் காசில்தான் என் வீட்டில் உலை கொதிக்கிறது. லாட்ஜ், மெடிக்கல், மீன் குழம்பு மெஸ், ஆட்டோ எல்லோருக்கும் அப்படித்தான். வியாபாரத்துக்காக வங்காளி எழுத்தில் போர்டு வைத்தோம். 'தாதா' என்று கூப்பிடக் கற்றுக்கொண்டோம். தமிழில் ரவுடியைக் குறிக்கிற சொல், அவர்களுக்கு அண்ணன். அந்த ஒரு சொல்லைத் திருத்திப் புரிந்துகொள்ள முடிந்த நம்மால் ஒரு விரலையும் புரிந்துகொள்ள முடியும். கத்துவதற்கு முன்னால் எதிரில் இருப்பவரின் கையை ஒரு முறை பார்க்கவும் முடியும்.

மறுநாள் காலையில் நானும் பையனும் மாடிக்குப் போனோம். மகன் எடுத்துச் சொல்ல, பெரியவர் பையனின் தலையில் கை வைத்தார். ஊருக்குக் கிளம்பும் முன் அவனுக்கு இரண்டு சொல் சொல்லிக் கொடுத்தார். இருந்தால் 'ஆச்சே', இல்லையென்றால் 'நேய்'. 'ஆச்சே' நம்ம 'ஆச்சு' மாதிரியே இருக்குணா என்று அவனுக்கு ஒரே சந்தோஷம். இப்போது மாடியிலிருந்து யார் "கொரம் பானி" என்று கேட்டாலும், இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியேறியபடியே "ஆச்சே தாதா, ஆச்சே" என்று குரல் கொடுக்கிறான்.