நைட் டூட்டியில் அறுந்த 41 நாள்

போன வாரம் நைட் டூட்டி முடித்து வந்த பயிற்சி மருத்துவர் ஒருவர் என்னிடம் மொபைலை நீட்டினார். தினம் ஐந்து கேள்வி கேட்கும் செயலி. 41 நாள் விடாமல் செய்து வந்தவரின் ஸ்ட்ரீக், அதாவது தொடர் நாள் கணக்கு, பூஜ்ஜியத்துக்கு இறங்கியிருந்தது. இரவெல்லாம் அவர் மூச்சுத்திணறலோடு வந்த நோயாளியின் பக்கத்தில் நின்றிருக்கிறார். செயலிக்கு அது எப்படித் தெரியும்? "இனிமே எதுக்கு மேடம்?" என்றார். அப்புறம் அதைத் திறக்கவே இல்லை.

மருத்துவப் படிப்பில் இப்படி பாயின்ட், பேட்ஜ், ஸ்ட்ரீக் என்று படிக்க வைக்கும் விளையாட்டு முறை வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். டூட்டிக்கு நடுவே தன் வேகத்தில் படிப்பவருக்கு அது பெரிய உதவி. ஆனால் பாடத்தை மனதில் நிறுத்துவது பாயின்ட்டோ பேட்ஜோ இல்லை. படித்ததை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதும், மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி கேட்கப்படுவதும்தான். 2006-ல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்களுக்கே அதிகம் நினைவிருந்தது.

பாயின்ட்டே குறியாகிவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்திருக்கிறேன். திரையில் கூரான டி அலைகளோடு ஒரு ஈசிஜி; ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருப்பதற்கான அடையாளம் அது. ஒருவர் படத்தைப் பெரிதாக்கிக்கூடப் பார்க்காமல், இருந்ததிலேயே நீளமான விடையைத் தொட்டார். சரி, பத்து பாயின்ட், அடுத்த கேள்வி. ஏன் பொட்டாசியம் கூடியிருக்கிறது என்று முடிவு செய்தீர்கள் என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை. வார்டில் வரும் ஈசிஜிக்குக் கீழே நான்கு விடைகள் இருக்காது. ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே இதயத்தைக் காக்கும் கால்சியம் குளுக்கோனேட் ஊசி போடத் தோன்ற வேண்டும்.

யார் முதல், யார் கடைசி என்று பெயரோடு வரிசைப்படுத்தும் லீடர்போர்டு மேல்தான் எனக்குப் பெரிய கோபம். முதல் மூன்று பேருக்கு உற்சாகம். கடைசியில் இருப்பவருக்குத்தான் பயிற்சி அதிகம் தேவை; அவர்தான் முதலில் விலகுகிறார். பெயரை எடுத்துவிடுங்கள். குழுவாக ஆடவிடுங்கள். வேகத்துக்கு மதிப்பெண் தராதீர்கள். தப்பான விடைக்கு அடுத்து வரும் விளக்கத்தை மெனக்கெட்டு எழுதுங்கள். டூட்டி நாளில் ஸ்ட்ரீக் அப்படியே நிற்கட்டும், அறுக்க வேண்டாம்.

அந்தப் பயிற்சி மருத்துவரோடு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 41 நாளில் 205 கேள்வி. அதில் தப்பானவற்றை மட்டும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன். வியாழக்கிழமை அவருக்கு டூட்டி இல்லை.