கிணற்றுக்குள் ஆவி மட்டுமா?
நிலத்தடிச் சூட்டிலிருந்து மின்சாரம் எடுப்பது பற்றி நான் வாசித்த ஒரு கட்டுரையில் 'புவிவெப்பக் கிணற்றைத் திறந்தால் ஆவி சீறிக்கொண்டு வரும், டர்பைனில் விட்டால் சரி' என்று இருப்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. இத்தாலியின் லார்டரெல்லோ மாதிரி சில இடங்களில்தான் உலர் ஆவி, அதாவது தண்ணீர் கலக்காத ஆவி, வரும். நியூசிலாந்தில் 1958இல் மின்சாரம் தரத் தொடங்கிய வைராக்கேயில் ஆவியும் தண்ணீரும் கலந்துதான் மேலே வருகின்றன. ஆழத்தில் 250 பாகை செல்சியஸ் தண்ணீர்கூட அழுத்தத்தால் கொதிக்காமல் கிடக்கும். மேலே ஏற ஏற அழுத்தம் குறைந்து குழாய்க்குள்ளேயே கொதிக்கும். கொடிகாமத்தில் ஒருநாள் எங்கள் பழைய வானின் ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறந்து கையைச் சுட்டுக்கொண்டேனே, அதே கதைதான். கிணற்றின் அந்த 250 பாகைத் தண்ணீரை 7 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு) பிரித்தால் எடையில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆவி தேறாது. மிச்சத் தண்ணீர்த் துளிகள் டர்பைனுக்குள் போனால் தகடுகளை அரித்துவிடும், அதனால்தான் முதலில் ஆவியையும் தண்ணீரையும் பிரிக்கும் பிரிகலன். அப்புறம் அந்த வெந்நீரில் கரைந்திருக்கும் சிலிக்கா ஆறும்போது குழாயில் படியும். அது தனித் தலையிடி. அந்தக் கட்டுரைக்குக் கீழே, யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றில் இதை முயன்று பார்க்கலாம் என்று கருத்து எழுதிய தம்பிக்கு: அது சுண்ணக்கல் பள்ளம், மேலே நன்னீர், கீழே உப்புநீர். ஆழம் இருக்கிறது, சூடு இல்லை. திருகோணமலையின் கன்னியா வெந்நீரூற்றுகூடக் குளிக்கிற சூடுதான்.