மூக்குக்கு ஊசி போட முதல் யாரிடம் கேட்கிறீர்கள்?

மூக்கு, நாடி, தாடை என்று முகத்தில் எதையாவது திருத்தலாமா என்று கேட்கிற பிள்ளைகளைத் தயவுசெய்து ஏசாதீர்கள். "கடவுள் தந்த முகம்" என்று ஒரே வரியில் வாயை அடைத்தால் அந்தப் பிள்ளை யோசிப்பதை நிறுத்தாது, வீட்டில் கேட்பதைத்தான் நிறுத்தும். பிறகு இன்ஸ்டாகிராமில் கேட்கும், அங்கே விற்கிறவர்கள்தான் பதில் சொல்வார்கள்.

என் பெறாமகளுக்கு நடந்தது அதுதான். போனில் ஏதோ ஒரு அப் அவளுடைய செல்ஃபியில் கோடு கோடாகப் போட்டு, மூக்கு பெரிது, முகம் சமனில்லை என்று புள்ளி போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை கொழும்பில் ஒரு அழகுக் கிளினிக்குக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினாள். ஆளை நேரில் பார்க்காமலேயே மூக்குக்கும் நாடிக்கும் பில்லர் (தோலுக்குள் ஜெல் ஏற்றுகிற ஊசி), இரண்டையும் சேர்த்துச் செய்தால் விலைக்கழிவு, வெள்ளிக்கிழமைக்குள் முற்பணம் என்று பதில் வந்துவிட்டது. எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. "எல்லாரும் போடினம்தானே, சித்தி" என்கிறாள் அவள்.

முதலில் அந்த செல்ஃபியைப் பற்றி. 2018 இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வின்படி, ஒரு அடி தூரத்தில் எடுக்கும் படத்தில் மூக்கு, ஐந்து அடி தள்ளி எடுத்ததைவிட ஏறத்தாழ 30 சதவீதம் அகலமாகத் தெரியும். அந்தப் படத்தை வைத்தா ஒரு பிள்ளையின் மூக்கில் ஊசி ஏற்றுவது?

மேல் பல் கொஞ்சம் முன்னுக்கு இருந்ததால், சனல் பண்ணி ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் போனை வாங்கிப் பார்க்கவேயில்லை. அவளைப் பக்கவாட்டாக நிற்கவைத்து, உதட்டைச் சாதாரணமாக மூடச் சொன்னார். மூடும்போது நாடித் தோல் சுருங்கி, குழிகுழியாக விழுந்தது. பக்கவாட்டு எக்ஸ்ரேயும் அதையே காட்டியது: கீழ்த்தாடை பின்னுக்கு இருக்கிறது, அதனால்தான் மூக்கு எடுப்பாகத் தெரிகிறது, மூக்கில் ஒரு குறையும் இல்லை. யோசித்துப் பாருங்கள், பில்லர் என்பது உள்ளே ஜெல்லை ஏற்றுவது, பெரிது என்று கவலைப்படுகிற மூக்கை அது எப்படிச் சிறிதாக்கும்? கம்பி போடலாம், தேவையென்றால் பிறகு தாடை ஒபரேஷன் பற்றி வாய், முக, தாடை சத்திரசிகிச்சை நிபுணரிடம் கேட்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம், அவசரமேயில்லை என்றார். ஆலோசனை என்றால் எனக்கு இதுதான். கடைசியாகச் சொன்ன தெரிவில் அவருக்கு ஒரு சதமும் கிடைக்காது, ஆனாலும் சொன்னார். காசு கஷ்டமென்றால் கொழும்பு வோர்ட் பிளேஸில் அரசாங்கப் பல் வைத்தியசாலை இருக்கிறது, காத்திருக்கத்தான் வேண்டிவரும்.

பில்லர் கூடாது என்று நான் சொல்லவில்லை. சரியான ஆளுக்கு, சரியான கையால் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் "பிடிக்காவிட்டால் கரைக்கலாம்" என்று சொல்லிச் சொல்லியே இதை பேஷியல் மாதிரி ஆக்கிவிட்டார்கள். பில்லராகப் போடுகிற ஹயலூரோனிக் அமில ஜெல்லைக் கரைக்க மருந்து இருப்பது உண்மை. ஆனால் ஜெல் இரத்தக் குழாய்க்குள் போனால் தோல் அழுகலாம். மூக்கிலும் புருவ நடுவிலும் ஓடுகிற குழாய்கள் கண்ணுக்குப் போகிற குழாய்களோடு தொடர்புள்ளவை, அதனால் பார்வையே போன சம்பவங்கள் உலகத்தில் பதிவாகியிருக்கின்றன. கரைக்கிற மருந்து கையில் இல்லாத இடத்தில், அதைப் பாவிக்கத் தெரியாத ஆளிடம், முகத்தைக் கொடுக்காதீர்கள்.

ஊசி போடுகிறவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். மருந்துப் பெட்டியை உங்கள் முன்னால் திறக்கச் சொல்லுங்கள், அது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகார சபையில் பதிவான பொருளா என்று கேளுங்கள். கேட்டதற்கு முகம் சுளித்தால் எழும்பி வந்துவிடுங்கள், முற்பணம் போனால் போகட்டும்.

ஏற்கனவே போட்டுக்கொண்டவர்களுக்கு ஒன்று. ஊசிக்குப் பிறகு தோல் வெளிறினால், வலை மாதிரி நீலம் பாய்ந்தால், வலி கூடிக்கொண்டே போனால், அந்த நிமிடமே போட்டவரிடம் நேரில் போங்கள். பார்வை மங்கினால் நேரே பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள்.