நாய் வாங்கும் முன் வீட்டைப் பாருங்கள்

"வீட்டுக்கு எந்த நாய் வாங்கலாம்?" என்று கேட்டு அடிக்கடி யாராவது இன்பாக்ஸுக்கு வருகிறார்கள். கூடவே இரண்டு மூன்று படங்களும் வரும். ஹஸ்கி, கோல்டன் ரெட்ரீவர், இப்போது கொஞ்ச நாளாகச் சிப்பிப்பாறை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். காலை ஆறு மணிக்கு அதை வெளியே கூட்டிக்கொண்டு போகப்போவது யார்? "எல்லோரும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்வோம்" என்று பதில் வந்தால் எனக்குக் கவலை வந்துவிடும். எல்லோரும் என்றால் பெரும்பாலும் அம்மாதான். அவரிடம் கேட்டீர்களா என்றால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது.

நாய் பத்துப் பன்னிரண்டு வருடம் வாழும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் நம் நாட்டு நாய்களும் சின்ன இனங்களும் பதினைந்தைக்கூடத் தொடும். ஆறாவது படிக்கும் பையனின் பிறந்தநாளுக்கு வாங்குகிற குட்டி, அவன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகும் வீட்டில் இருக்கும். அதனால் நாயின் படத்தைப் பார்க்கும் முன் வீட்டைப் பாருங்கள். பகலில் யார் இருக்கிறார்கள், எத்தனை மணி நேரம் பூட்டிக்கிடக்கிறது, வாடகை வீடா, மாற்றல் வரும் வேலையா, வயதானவர்களும் கைக்குழந்தையும் உண்டா. இனம் என்ன என்பதெல்லாம் அப்புறம்தான்.

முதலில் நம் ஊர் வெயில். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் உடல் சூட்டைத் தணித்துக்கொள்ளும். நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகிப் போனால்தான் சூடு இறங்கும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் எவ்வளவு இரைத்தாலும் அவ்வளவாகப் பலன் இருக்காது. இதில் பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு நாய்களுக்கு மூச்சுப்பாதையே குறுகல். 2003இல் ஹட்ச் செல்போன் நிறுவனத்தின் விளம்பரத்தில் பக் வந்த பிறகு பக் வாங்காத தெரு இல்லை என்ற நிலை வந்தது. அது குறட்டை விடுவதை வீடியோ எடுத்து இன்றும் ஆசையாகப் பகிர்கிறார்கள். மூச்சு விடச் சிரமப்படுவதால் வரும் சத்தம் அது. ஒரு மே மாதம் கால்நடை மருத்துவரின் மேசையில் ஒரு பக்கைப் பார்த்தேன். நாக்கு நீலம் பாய்ந்திருந்தது, வாயோரம் நுரை. உடம்பில் ஈரத்துணி போட்டு ஃபேனை அதன் பக்கம் திருப்பி வைத்திருந்தார்கள். காலை பதினோரு மணிக்குப் பக்கத்துக் கடை வரை நடத்திக் கூட்டிப்போயிருக்கிறார்கள். வேறெதுவும் செய்யவில்லை.

ஹஸ்கியைப் பற்றி ஒரு வரியில் சொன்னால், தமிழ்நாட்டுச் சமவெளியில் அதை வளர்க்கவே கூடாது என்பது என் கருத்து. சைபீரியாவில் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் அது. "ஏசி போட்டுத்தான் வைத்திருக்கிறோம்" என்பார்கள். நாள் முழுக்க ஓடுவதற்கென்றே உருவான உடம்பை ஒரு படுக்கையறைக்குள் பூட்டி வைத்து, ஏசி இருக்கிறது என்று சமாதானம் சொன்னால் என்ன நியாயம்? மொட்டை அடித்துவிட்டால் சரியாகிவிடும் என்பதும் தவறு. அந்த இரட்டை அடுக்கு முடிதான் வெயில் நேராகத் தோலில் படாமல் காக்கிறது.

இங்கே பலர், "அதனால்தான் நம் மண்ணின் நாயை வளர்க்கச் சொல்கிறோம்" என்று வருவார்கள். எனக்கும் நம் நாய்கள்மேல் பெருமை உண்டு. ராஜபாளையம் 2005இலேயே அஞ்சல் தலையில் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொன்னபின் நகரத்து ஆட்களும் தேட ஆரம்பித்தார்கள். அழிந்துவிடுமோ என்று பயந்த இனங்களுக்கு மறுபடி மதிப்பு வந்ததில் மகிழ்ச்சிதான். ஆனால் மண்ணின் நாய் என்று சொல்லும்போது அந்த மண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சிப்பிப்பாறை, விருதுநகர்ப் பக்கத்துக் கரிசல் காட்டில் கண்ணால் பார்த்து முயலைத் துரத்த வளர்த்த நாய். எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி இருக்க வேண்டும் அதற்கு.

வேளச்சேரியில் ஒரு மூன்றாம் மாடி ஃபிளாட்டில் ஒரு சிப்பிப்பாறை இருந்தது. பால்கனிக் கதவில் கீழிருந்து இடுப்பு உயரம் வரை நகக் கீறல். வால் நுனியில் கட்டு. ஹாலில் திரும்பும்போதெல்லாம் சுவரில் அடித்து அடித்து, ஆறின புண் மறுபடி மறுபடி பிளந்துகொள்ளும். சதைப்பிடிப்பே இல்லாத உடம்பு, வெறும் டைல்ஸில் படுத்துப் படுத்து முன்னங்கால் முட்டி இரண்டும் காய்த்துப் புண்ணாகியிருந்தது. வளர்த்தவர் நல்ல மனிதர். முட்டை, கறி என்று எதிலும் குறை வைக்கவில்லை. "நம்ம இனம் சார், அழியக்கூடாதுன்னுதான்" என்று மனப்பூர்வமாகச் சொன்னார். அவருடைய அன்பில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஹஸ்கிக்கு ஏசி அறை எப்படியோ, சிப்பிப்பாறைக்கு மூன்றாம் மாடி ஃபிளாட் அப்படி. இதைச் சொன்னால் தமிழ் உணர்வு இல்லையா என்று கேட்கிறார்கள். இருப்பதால்தான் சொல்கிறேன்.

ராஜபாளையம் வாங்குபவர்களுக்கு இன்னொரு விஷயம். தூய வெள்ளை, ரோஸ் மூக்கு என்று தேடித் தேடி இணை சேர்த்ததில், பிறவியிலேயே காது கேளாத குட்டிகள் இந்த இனத்தில் வருவது உண்டு. கூட்டமாக இருக்கும்போது கண்டுபிடிக்க முடியாது. மற்ற குட்டிகள் ஓடினால் அதுவும் ஓடும். தனியாகத் தூங்கும்போது பின்னால் கொஞ்சம் தள்ளி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கிப் பாருங்கள். தோட்டமும் காம்பவுண்டும் உள்ள வீடு, தினமும் நேரம் ஒதுக்கும் ஆள் என்றால் ராஜபாளையமும் கோம்பையும் அருமையான காவல். டெலிவரி பையன், வேலைக்கார அம்மா, டியூஷன் பிள்ளைகள் என்று நாளெல்லாம் ஆள் வந்துபோகும் வீட்டுக்கு அந்தச் சந்தேக குணம் தலைவலி.

அடுத்தது, என்னை ரொம்பவே வருத்தப்பட வைக்கும் விஷயம். பிள்ளைகள் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊரில் அப்பா அம்மா தனியாக. துணைக்கு இருக்கட்டும் என்று ஒரு லேப்ரடார் குட்டியை அனுப்பி வைப்பார்கள். நோக்கம் நல்லதுதான், நாயும் நல்ல நாய்தான். ஆனால் லேப் என்பது சாதுவான நாய் என்று நாம் நினைப்பதெல்லாம் மூன்று வயதுக்கு மேல் ஆன லேப். அதற்கு முன்னால் செருப்பு, சோபா, மேசைக்கால், கை என்று எதையும் விடாது. ஒரு வயதிலேயே இருபத்தைந்து, முப்பது கிலோ. எதிரே பூனை ஓடினால் கயிற்றோடு ஆளையும் இழுத்துக்கொண்டு போகும். திருச்சியில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், "தம்பி, நான் இதைக் கூட்டிட்டுப் போகல, இதுதான் என்னைக் கூட்டிட்டுப் போகுது. கீழ விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குப்பா" என்றார். எழுபது வயதுக்கு மேல் இடுப்பு எலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பயத்தில் வாக்கிங் நின்றுவிடும். நடை நின்ற லேப் சாப்பிட்டுக்கொண்டே இருக்கும். வீட்டில் அம்மா, பாவம் பசிக்கிறது போல என்று பிஸ்கட்டும் தயிர்சாதமும் வைப்பார். 2016இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்கு, வயிறு நிறைந்த உணர்வோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் ஒரு பகுதி விடுபட்டிருக்கிறது. தட்டு காலியான பிறகும் அது உங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பதற்கு உண்மையான பசிதான் காரணம் என்று இல்லை. எடை ஏறும், ஏற்கெனவே இடுப்பு மூட்டுத் தொந்தரவு வரும் இனம், எட்டு வயதில் எழுந்து நிற்கவே முடியாமல் போகும். முப்பது கிலோ நாயை ஆட்டோவில் ஏற்றி மருத்துவரிடம் கொண்டுபோக அந்த வீட்டில் ஆள் இருக்காது. பெற்றோருக்குத் துணை வேண்டும் என்றால் அவர்களிடமே முதலில் கேளுங்கள். அவர்களுக்கும் ஆசை என்றால் ஐந்தாறு வயதான, ஓடி அடங்கிய, பத்துப் பதினைந்து கிலோவுக்கு மேல் போகாத நாயைத் தேடுங்கள். குட்டி வேண்டவே வேண்டாம்.

காவலுக்கு என்று ராட்வீலர் தேடுபவர்களுக்கு. 2024 மார்ச்சில் மத்திய அரசு ராட்வீலர் உட்பட 23 இனங்களுக்குத் தடை விதிக்கச் சொல்லி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்கடுத்த மாதம் சென்னை ஆயிரம் விளக்குப் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறின. நல்லது கெட்டது தெரியாத நாயைத் திட்டுவதில் அர்த்தம் இல்லை. அதைப் பழக்கத் தெரியாத, பிடித்து நிறுத்த முடியாத வீட்டுக்கு அந்த நாய் போகக்கூடாது. என்னைக் கேட்டால் முதல் முறை நாய் வளர்க்கும் எவருக்கும் அது வேண்டாம்.

கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போய், காலை எட்டரைக்குப் பூட்டினால் இரவு எட்டுக்குத் திறக்கும் வீடாக இருந்தால், தயவுசெய்து குட்டி வாங்காதீர்கள். எந்த இனக் குட்டியும் வேண்டாம். இரண்டு மாதக் குட்டி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. தனியாக இருந்து பழகாத நாய் ஊளையிடும். பக்கத்து வீட்டுக்காரர் அசோசியேஷனில் புகார் கொடுப்பார். குடியிருப்பில் செல்லப் பிராணிகளுக்கு மொத்தமாகத் தடை போட முடியாது என்று இந்திய விலங்கு நல வாரியம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது, உண்மைதான். அதைக் காட்டி வாதாடி ஜெயித்தாலும் உள்ளே அந்தக் குட்டி அழுதுகொண்டுதானே இருக்கும்.

குட்டிதான் வேண்டும், வீட்டில் பகலெல்லாம் ஆளும் இருக்கிறது என்றால் சரி. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017ஆம் வருட மத்திய அரசு விதிகளே சொல்கின்றன. "முப்பது நாள் குட்டி சார், இப்பவே எடுத்தாத்தான் நல்லாப் பழகும்" என்பவரை நம்பாதீர்கள். எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் விளையாடும் அந்த வாரங்களில்தான். தடுப்பூசி போடாமல் பல இடத்துக் குட்டிகளை ஒரே கூண்டில் வைக்கும் இடத்தில் வாங்கினால் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் கூடவே வரும். தாயைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

நகரத்தில் சராசரியான குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது, காப்பகத்தில் இருக்கும் ஒன்றரை, இரண்டு வயது நாட்டு நாய், அதாவது நம் தெருக்களில் பிறந்த சாதாரண நாய். சென்னையில் பல வருடமாக இயங்கும் ப்ளூ கிராஸ் மாதிரி அமைப்புகள் இருக்கின்றன, தெரு நாய்களைத் தூக்கி வந்து தேற்றும் தனி ஆட்களும் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். வளர்ந்த நாயின் உயரம், எடை, குணம் எல்லாம் கண் முன்னே தெரிந்துவிடும். குட்டியிடம் அது தெரியாது. பெரும்பாலும் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் முடிந்திருக்கும். முடி குட்டை, வெயில் பழக்கம், வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளும். குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வாசலில் யார் போனாலும் குரைக்கும், கதவு திறந்தால் நழுவப் பார்க்கும், உண்ணிக் காய்ச்சல் இதற்கும் வரும். முதல் சில வாரம் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கலாம், அப்போது இழுத்து வெளியே எடுக்காமல் விட்டுவிட வேண்டும்.

போய்ப் பார்த்த அன்றே கூட்டி வந்துவிடாதீர்கள். வேறு வேறு நேரத்தில் இரண்டு மூன்று முறை போங்கள். வீட்டில் மிகவும் பயப்படுகிறவரையும் அழைத்துப்போய்ப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார வையுங்கள். அங்கே அதற்குச் சோறு வைக்கிறவரிடம் பேசுங்கள். சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுமா, குழந்தைகளைப் பார்த்தால் என்ன செய்யும், தீபாவளி வெடிக்கு எங்கே போய் ஒளிந்தது என்று அவரிடம் கேளுங்கள்.