வெக்கை நோயை ஒழித்தது ஊசி மட்டும் இல்லை

"எல்லா மாட்டுக்கும் ஊசி போட்டாங்க, வெக்கை நோய் ஒழிஞ்சுது" என்று சொல்வது பாதிதான் உண்மை. வெக்கை என்பது மாடுகளைக் கொத்துக்கொத்தாகக் கொன்ற தொற்றுநோய் (rinderpest). கால்நடை விஞ்ஞானி வால்டர் பிளவ்ரைட் உருவாக்கிய தடுப்பூசி இல்லாமல் எதுவும் நடந்திருக்காது, சந்தேகமே வேண்டாம். ஆனால் 1960களில் ஆப்பிரிக்காவில் 22 நாடுகளில் மந்தை மந்தையாக ஊசி போட்டும், 1980களில் நோய் திரும்ப வந்து வாரிக்கொண்டு போனது. நோய் மிச்சமிருந்த மூலைமுடுக்குகளிலிருந்து பரவியதுதான் காரணம்.

அந்த மூலைகளைத் தேடிப் பிடித்தவர்கள் நோய்ப்பரவலை ஆராயும் கால்நடை மருத்துவர்கள். பீட்டர் ரோடர், ஜெஃப்ரி மரைனர் போன்றவர்கள் மேய்ப்பவர்களின் அறிவை மதித்தார்கள். மாட்டுக்குக் கண்ணில் நீர் வடிந்ததா, வாயில் புண் வந்ததா, கழிச்சல் இருந்ததா என்று உட்கார்ந்து கேட்பார்கள். எத்தனை மாடு செத்தது என்பதை மேய்ப்பவர் கூழாங்கல்லைக் குவித்துப் பிரித்துக் காட்டுவார். வெயில் தாங்கும் ஊசிமருந்தை உள்ளூர்க்காரர்களே பயிற்சி பெற்றுக் கொண்டுபோய்ப் போட்டார்கள்.

முக்கியமாக, கடைசியில் ஊசியை நிறுத்தவும் வேண்டியிருந்தது. ஊசி போட்ட மாட்டையும் நோய் வந்து பிழைத்த மாட்டையும் ரத்தப் பரிசோதனையில் பிரித்தறிய முடியாது. நிறுத்திவிட்டுக் கண்காணித்தால்தான் கிருமி போனதா என்று தெரியும்.

இந்தியாவில் கடைசியாக நோய் பதிவானது 1995இல், நம் தமிழ்நாட்டில். உலகத்தில் 2001இல், கென்யாவின் காட்டெருமைகளிடம். முழுதாக ஒழிந்தது என்று அறிவித்தது 2011இல்.